கோபத்துக்கு ஆள் தெரியும்

12.3.1996, செவ்வாய்

அடுகோடியில் என் கல் கடையில் இன்று கோவிந்தப்பாவை அறைந்துவிட்டேன். லாரியிலிருந்து இறக்கும்போது கடப்பாக் கல் ஒன்றை நழுவவிட்டு உடைத்தான். பதினோரு வருடமாக என்னிடம் சுமப்பவன். காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். எழுந்து போய்விட்டான்.

கோபம் வந்தால் எனக்குக் கண் தெரியாது என்று வீட்டில் சொன்னேன். வீணா துணி மடித்துக்கொண்டே, "எனக்குத் தெரியாததா?" என்றாள். கட்டின நாளாக அவளும் என்னிடம் அடி வாங்கியவள்தான். இங்கே பொய் எழுதி என்ன?

13.3.1996

கோவிந்தப்பா வேலைக்கு வரவில்லை.

17.3.1996, ஞாயிறு

ஆரஞ்சும் புது வேட்டியும் வாங்கிக்கொண்டு ஒக்கலிபுரத்தில் கோவிந்தப்பா வீட்டுக்குப் போனேன். கஸ்டமரைச் சமாளிக்கிற புத்தி. காதுச் சவ்வு கிழிந்துவிட்டது என்றாராம் டாக்டர். இடக்காது கேட்கவில்லை என்று வலப்பக்கமாக வந்து உட்காரச் சொன்னான்.

"கோவம் வந்தா எனக்குக் கண்ணு தெரியாதுப்பா."

"நல்லாவே தெரியுது மொதலாளி. அன்னிக்குக் காலைல அந்த இன்ஜினியரு படுக்கப்போட்ட கல்லு மேல பூட்ஸோட ஏறி ரெண்ட ஒடச்சாரே? 'பரவால்ல சார்'னு காப்பி வரவெச்சீங்க. வாங்கியாந்தது நான்தான்."

அவன் மனைவி சின்னத்தாயி உள்ளேயிருந்து, "அவருக்குக் காப்பி, இவருக்குப் பூஜை!" என்றாள்.

வேட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். ஆரஞ்சைப் பிள்ளைகள் அதற்குள் உரித்துவிட்டன.

18.3.1996

இன்ஜினியர், போலீஸ்காரர், பேங்க் மேனேஜர் — ஒருத்தர் மேலாவது கை ஓங்கியிருக்கிறேனா? அங்கெல்லாம் பிரேக் பிடிக்கிறதே. திருப்பி அடிப்பானா, ஸ்டேஷனுக்குப் போவானா என்று மனசு முதலில் பார்த்துக்கொள்கிறது. பிறகுதான் கோபம் வருகிறது. ஒருதடவைகூடத் தப்பாகப் பார்த்ததில்லை.

நானும் கல் சுமந்தவன், முதலாளியிடம் அடி வாங்கியவன். அதையே சொல்லி இன்னும் எத்தனை நாள் ஓட்டுவது? அலுப்பாக இருக்கிறது.

2.4.1996

கோவிந்தப்பா ஹெப்பகோடியில் வேறு கடையில் சேர்ந்துவிட்டானாம். காது அப்படியேதானாம்.

20.11.1996, புதன்

எட்டு மாதமாயிற்று. கடையில் ஏழெட்டுக் கல் உடைந்திருக்கும். கத்தியிருக்கிறேன், கை வைக்கவில்லை. வீட்டிலும் இல்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இன்று காலை வீணாவின் கை தவறிப் பால் பாத்திரம் கவிழ்ந்தது. கொதிக்கிற பால், அவள் கால் மேலேயே. அவள் முதலில் பார்த்தது என் கையை.

"ஒண்ணுமில்ல வீணா, காலக் காட்டு" என்று செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கிட்டே போனேன். நொண்டிக்கொண்டே பின்னால் போனாள். சுவர் வந்தது.

செம்பைத் தரையில் வைத்துவிட்டு வாசல்வரை நகர்ந்து நின்றேன். அதற்குப் பிறகுதான் குனிந்து எடுத்து, தானே ஊற்றிக்கொண்டாள்.