கார்புரேட்டர் ஊசியும் உன் அப்பாவும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், அங்கே நீயும் உடம்பும் மனசுமாய் நன்றாயிருக்க வேண்டும் என்பதுதான் தினமும் கண் விழித்ததும் என் முதல் நினைப்பு. போன வாரம் நீ அனுப்பிய படத்தில் கன்னம் ஒட்டிப் போயிருக்கிறது, வேலை வேலை என்று மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிடுகிறாயா என்ன. உன் தம்பிக்கு பேக்கரியில் பகல் ஷிஃப்ட் கொடுத்துவிட்டார்கள், இனிமேல் அவன் முகம் எப்படி இருக்கும் என்று மறக்க வேண்டியதில்லை என்று அவன் பெண்டாட்டி சிரிக்கிறாள், அவளுக்கு இது ஆறாம் மாதம். எனக்கும் தையலுக்குக் குறைவில்லை, பள்ளிக்கூடச் சீருடை தைத்துத் தைத்து எதைப் பார்த்தாலும் நீலமாகத் தெரிகிறது. இதெல்லாம் இருக்கட்டும், நான் உட்கார்ந்து எழுதுவது வேறு ஒரு விஷயத்துக்காக. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் பாதியில் அழுவேன், நீ 'சரிம்மா விடும்மா' என்று வைத்துவிடுவாய், அதனால் கடிதம்.

உன் மஞ்சக்கிளி, அந்த ரிமோட் விமானம், விழுந்த நாளைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் கண்ணில் பட்டதை மட்டும் சொல்கிறேன். மைதானத்தில் அப்பா குனிந்து, பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற அந்தக் கார்புரேட்டர் ஊசியைத் திருகிக்கொண்டிருந்தார், நீ ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு 'அப்பா, சத்தம் மெலிசா இருக்கே' என்றாய், அவர் 'எனக்குத் தெரியாததா, நீ ஏத்து' என்றார். விமானம் ஏறியது, ஏறும்போதே எஞ்சின் நின்றது, நீ திருப்பிக் கொண்டுவரப் பார்த்தாய், வேலிக்கு இந்தப் பக்கம் மூக்கு குத்தி விழுந்தது. விமானக் கிளப் ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் அவர் 'கவனமில்லாதவ கையில குடுத்தது என் புத்தி' என்று சொன்னதும், நீ குனிந்து உடைந்த துண்டுகளைப் பொறுக்கியதும் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. இரண்டு நாளில் ஊருக்குப் புறப்பட்டாய், வாசலில் அவரிடம் 'வரேன்' என்பதைக் கூட என்னைப் பார்த்துத்தான் சொன்னாய். எட்டு மாதம் ஆகிறது.

அவர் சும்மா இருக்கவில்லை கண்ணு. மூக்குப் பலகையை மறுபடி அறுத்து, ஒட்டி, தேய்த்து, இரண்டு மாதம் உட்கார்ந்து சரி செய்தார். கார்புரேட்டர் மட்டும் விரிசல் விட்டிருந்தது, புதிதாக வரவழைத்தார், தீப்பெட்டி அளவுதான் இருக்கிறது. அதை எஞ்சினின் முதுகில் பொருத்த வேண்டும், எஞ்சினுக்கும் பலகைக்கும் நடுவில் உள்ள இடுக்கில் அவர் விரல் நுழையவே இல்லை, மூன்று நாள் முக்கி முனகிவிட்டு 'உன் விரலுக்கு வேலை இருக்கு, கொஞ்சம் வா' என்று கூப்பிட்டார். ஊசியில் நூல் கோக்கிற விரல் இல்லையா, இரண்டு போல்ட்டையும் பத்து நிமிஷத்தில் மாட்டிவிட்டேன். எனக்கே பெருமை தாங்கவில்லை. ஆனால் எஞ்சின் நாலு நொடி இரைந்துவிட்டு நின்றது, மறுபடி சுற்றினால் மறுபடி நாலு நொடி. டேங்கைக் கழற்றினார், குழாயை ஊதிப் பார்த்தார், பெட்ரோல் விற்றவனைத் திட்டினார். அடுத்த நாள் நானே கழற்றிப் பார்த்தேன். கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு காகித கேஸ்கெட் வைக்கிறோம் அல்லவா, அதில் பெரிய ஓட்டைக்குப் பக்கத்தில் கடுகளவு ஒரு ஓட்டை இருக்கிறது. எஞ்சினின் மூச்சு அது வழியாகப் போய்த்தான் உள்ளே இருக்கிற சவ்வை ஆட்டி பெட்ரோலை இழுக்குமாம். நான் கேஸ்கெட்டைத் திருப்பி வைத்து அந்த ஓட்டையை அடைத்திருந்தேன், காலரை உள்பக்கம் வெளிப்பக்கம் மாற்றித் தைத்த மாதிரி. 'டேங்கும் இல்ல, பெட்ரோலும் இல்ல, நான்தான் மாத்தி வெச்சுட்டேன்' என்று அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சிரிப்பார் என்று பார்த்தால் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 'இவ்வளவு லேசா சொல்லிட்டியே' என்றார். எனக்கு அப்போது புரியவில்லை.

மறுநாள் காலையில் விமானத்தின் வாலை வாசல் கேட் கம்பியில் கட்டிவிட்டு ஓடவிட்டோம். இரண்டு ஊசியையும் ஒன்றரைச் சுற்று திறந்து வைத்து, சோக் இழுத்து, விசிறியை ஐந்தாவது தடவை சுற்றியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. மேல்வீட்டு வாத்தியார் ஜன்னலைச் சாத்தினார், வழக்கம்தான். சூடானதும் அப்பா முழு வேகத்துக்குப் போய், விசிறிக்குப் பின்பக்கமாக நின்று பெரிய ஊசியை மெல்ல மூட ஆரம்பித்தார். உனக்குத் தெரியும், மூட மூடச் சத்தம் ஏறும், உச்சிக்குப் போகும், அதற்கு மேலும் மூடினால் பெட்ரோல் போதாமல் வறண்டு போகும், உச்சியில் நிறுத்தி ஒரு மயிரிழை திறந்து விட வேண்டும். இருபது வருஷம் நான் சமையலறையில் இருந்து இந்தச் சத்தத்தைத் திட்டிக்கொண்டே கேட்டிருக்கிறேன், அது எங்கே தொண்டை கட்டும் என்று எனக்குத் தெரியாதா. உச்சி வந்தது, தாண்டியது, அவர் கை நிற்கவில்லை. 'போதும்' என்றேன். 'இன்னும் ஏறலையே' என்றார். எஞ்சின் நின்றது. மறுபடி ஓடவிட்டோம், மறுபடி அதே இடத்தைத் தாண்டிப் போனார், மறுபடி நின்றது. மூன்றாம் தடவை நான் அவர் கையைப் பிடித்தேன். 'உங்களுக்கு அந்தச் சத்தம் கேக்குதா' என்றேன். கவிழ்த்த வாளி மேல் போய் உட்கார்ந்துவிட்டார்.

காது மந்தமானது அவருக்கு ஒன்றரை வருஷமாகவே தெரியுமாம். லிஃப்ட் மோட்டார் அறைகளில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்த காது, மெலிந்த கூரான சத்தமெல்லாம் முதலில் போய்விட்டதாம். யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும்தான். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே 'அன்னிக்கும் இப்படித்தான் மூடியிருக்கேன். அவ சொன்னா, சத்தம் மெலிசா இருக்குன்னு. எனக்குக் கேக்கலைன்னு சொல்ல வாய் வரல, பழிய அவ தலையில போட்டுட்டேன்' என்றார். நான் ஒன்றும் ஆறுதல் சொல்லவில்லை, எனக்கு அவ்வளவு கோபம். உள்ளே வந்து இரண்டு சீருடைக்குப் பொத்தான் தைத்தேன், அதற்குப் பிறகுதான் மறுபடி வெளியே போக முடிந்தது. அவர் அதே வாளியில் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கே சேர்ந்து சரி செய்தோம். அவர் ஊசியைத் திருக, நான் எதிரில் எட்டி நின்று கையை உயர்த்திக் காட்ட, உச்சி வந்ததும் கையை இறக்க, அவர் அங்கிருந்து கொஞ்சம் திறந்து விட்டார். சின்ன ஊசியையும் அப்படியே, மெல்ல ஓடும்போது திக்காமல், வேகம் கொடுத்ததும் தடுமாறாமல். கடைசியில், ஏறும்போது நிற்குமா என்று பார்க்க, விமானத்தைத் தூக்கி மூக்கை வானத்துக்குக் காட்டி முழு வேகத்தில் பிடித்துக்கொண்டார், நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன், சத்தம் துளியும் இறங்கவில்லை. அந்த வாரமே காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். கருவி வருகிறது, போடமாட்டேன் என்று அடம்பிடிக்கிறார், போடவைப்பேன்.

முக்கியமானது இனிமேல்தான். ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போனோம். கிளப் ஆட்கள் சுற்றி நின்றார்கள், பால் பண்ணைக்காரர் 'இந்தத் தடவை கவனமுள்ள கையா' என்று கிண்டலாகக் கேட்டார். அப்பா விமானத்தைக் கீழே வைத்தார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, கொஞ்சம் அதிகமாகவே உரக்க, 'அன்னிக்கு விழுந்தது என் பொண்ணு கையால இல்ல. எனக்குக் காது போச்சு, ஊசிய நான் கெட்டியா மூடிட்டேன். நின்னுபோன எஞ்சினோட அவ்வளவு தூரம் திருப்பிக் கொண்டுவந்ததே அவளாலதான் முடிஞ்சுது' என்றார். பால் பண்ணைக்காரர் வந்து விமானத்தின் வாலைப் பிடித்துக்கொண்டார். அப்பா இரண்டு வட்டம் அடித்து இறக்கினார், அப்புறம் ரிமோட்டை அணைத்துப் பையில் வைத்துவிட்டார், இன்னொரு தடவை விடச் சொன்னேன், மாட்டேன் என்றுவிட்டார்.

உனக்கு எழுதச் சொன்னேன். காகிதத்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தார், உன் பேரை எழுதினார், அதற்கு மேல் வரவில்லை. 'நீயே எழுது, ஆனா நான் சொன்னேன்னு எழுது' என்றார். என்ன சொன்னதாக எழுத என்று கேட்டேன். 'தப்பு என்னோடது. அவ காது சரியா இருந்துச்சு' என்றார். எழுதிவிட்டேன். மன்னிப்பதும் மன்னிக்காததும் உன் இஷ்டம், அம்மா அதில் தலையிடமாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, அதிகம் அலையாதே, குளிரில் தலைக்குத் துணி கட்டிக்கொள். நீ நூறு வயசு நிறைவாய் இருக்க வேண்டும், எடுத்த வேலையெல்லாம் கைகூட வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. உன் குரல் மாதிரி மெல்லிய குரல்தான் முதலில் கேட்காமல் போகுமாம், டாக்டர் சொன்னார். நீ போனில் பேசும்போது அவர் 'ம், ம்' என்று என்னிடம் கொடுத்துவிடுவது கோபத்தில் இல்லை கண்ணு, நீ பேசுவது அவருக்கு விளங்குவதில்லை. அடுத்த தடவை கனத்த அடிக்குரலில் நிறுத்தி நிறுத்திப் பேசு. பக்கத்தில் நான் இருப்பேன்.

என்றும் உன் நினைப்பாக,
அம்மா