பதினொரு பாய்க்காரிகளும் புரள்வு வரியும்

6 மார்ச் 1982
கடைத்தெருவில் பாய் வாங்கி விற்கும் பாக்கியரத்தினத்திடம் இன்று கேட்டே விட்டேன். கிண்ணியாவில் பன்புல்லில் பாய் இழைக்கும் அசனாவுக்குப் பாய்க்கு இரண்டு ரூபா குறைத்திருக்கிறார்.

"புரள்வு வரிச் சட்டத்தை மாத்திப்போட்டாங்கள், ரீச்சர். நான் என்ர கையால கட்டுறதோ?"

"வரி உங்கட விற்பனைக்கு. அவ இழைச்சதுக்கில்லை."

"பொருளியல் படிச்சனீங்கள்தானே. ஒரு கடை வச்சுப் பாருங்கோவன்."

நின்றவர்கள் சிரித்தார்கள். பேராதனைப் பட்டதாரி, வருகிற வருஷம் ஐம்பது வயது — சட்டத்தை வாசிக்காமலே வாதாடினேன். அதுதான் சுடுகிறது.

13 மார்ச்
சட்டப் பிரதி கிடைத்தது. ஒரு வாக்கியம் முடிவதற்குள் மூச்சு வாங்குகிறது. விளங்க வைப்பதற்காக எழுதியதாகத் தெரியவில்லை. ஆனாலும் பிடித்துவிட்டேன்: காலாண்டில் குறித்த ஓர் அளவுக்குக் கீழே விற்பவர்களுக்கு வரியே இல்லை. அசனாவுக்கு நிச்சயம் இல்லை.

28 மார்ச்
இனிப் பாக்கியரத்தினத்துக்குக் கொடுப்பதில்லை. அசனாவும் இன்னும் பத்துப் பேரும் நிலாவெளி விடுதிகளுக்கு நேரே விற்கப் போகிறார்கள். பில் நான் எழுதுவேன், எல்லாம் அசனாவின் பெயரில். ஒன்றாக நின்றால்தான் பலம் என்று பிரசங்கம் வேறு செய்தேன்.

16 ஜூலை
இறைவரிக் கந்தோரிலிருந்து அசனாவுக்குக் கடிதம். பதினொரு பேரின் விற்பனையும் ஒரே பெயரில் சேர்ந்து அளவைத் தாண்டிவிட்டது. வரி, மேலே தண்டம். அவளுடைய வீட்டை விற்றாலும் காணாது.

"ரீச்சர், என்னை மறியல்ல போட்டு அடைப்பாங்களா?"

"முதல்ல என்னைப் போடட்டும்."

வீராப்புக் கதை. எல்லாத்தையும் ஒரு பெயரில் எழுதினது ஆர்? நான்தானே! சட்டத்தை வாசிச்சும் என்ன கிழிச்சனான்?

17 ஜூலை
பாக்கியரத்தினம் வழியில் கண்டு, "கடை எப்பிடிப் போகுது, ரீச்சர்?" என்றார்.

26 ஜூலை
பதினொரு பேரும் கிண்ணியாவிலிருந்து தோணியேறி வந்தார்கள். விற்காத பாய்களோடு கந்தோருக்குப் போனோம்.

"பில் ஒரு பேரிலதானே இருக்கு, மிஸ்?" என்றார் அதிகாரி லெஸ்லி.

"பில் என்ர பிழை. பாய் பதினொரு பேரின்ர."

"அதை எப்பிடி நம்புறது?"

ஒவ்வொருத்தியும் விளிம்பை ஒரு விதமாக மடித்து முடிப்பாள். ஒருத்தியின் கை மற்றவளுக்கு வராது. சுருட்டிய பாய்களை அவரையே கலக்கச் சொன்னேன். பெண்கள் விரிக்காமலே, பெருவிரலால் விளிம்பைத் தடவித் தங்களுடையதை இழுத்தெடுத்தார்கள். நம்பாமல் திரும்பக் கலக்கினார். திரும்ப எடுத்தார்கள்.

"இது ஆமினா உம்மாட. கோணல். அவட வாய் மாதிரி" என்றாள் அசனா.

"உன்ட பாய்ல ஆள் படுத்தா உருண்டு விழும்டி!"

லெஸ்லிக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை. "சரி மிஸ், இனிப் பதினொரு பில் போடுங்கோ. போயிற்று வாங்கோ."

"கடிதத்தை மீளப் பெறுறதா எழுதித் தாங்கோ. அது வரைக்கும் பாயைத் தூக்க மாட்டம்."

வாசல் முழுக்கப் பாய். ஆரும் உள்ளே வரவும் முடியாது, வெளியே போகவும் முடியாது. பின்னேரம் நாலு மணிக்கு எழுதித் தந்தார்.

9 ஒக்டோபர்
சனிக்கிழமை. காலாண்டுக் கணக்கு எழுத என் வீட்டு விறாந்தையில், நீள வாங்கில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பாக்கியரத்தினம் படலையைத் திறந்து வந்தார். கையில் இறைவரிக் கடிதம்.

"ஒருக்கா வாசிச்சு விளங்கப்படுத்துங்கோ, ரீச்சர். அவசரம்."

"வாங்கில இருங்கோ."

இருந்தார். ஆமினா உம்மாவுக்குப் பிறகு அசனா. அசனாவுக்குப் பிறகு அவர்.