கூட வந்தவங்க மட்டும் உள்ள வாங்க

பிப்ரவரி 3

கழுத்தின் முன்புறத்து வீக்கம் வளர்ந்திருக்கிறது. அன்றாடம் கண்ணாடி பார்க்கிறவளுக்கு அதை எடுத்துரைக்க ஆள் தேவையில்லை. ஆயினும், ஊசி குத்தி எடுத்த சோதனையின் முடிவை மருத்துவரின் வாய்மொழியாகக் கேட்டறிய வேண்டும் என்று, இஸ்திரி போட்ட புடவை கட்டி, கேட்க வேண்டியவற்றை மனத்துக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டு, தம்பியுடன் போயிருந்தேன்.

மருத்துவர் திரையைப் பார்த்தார். என் கழுத்தைத் தொட்டார். "எச்சில் முழுங்குங்கம்மா" என்றார். விழுங்கினேன். பிறகு என் தலைக்கு மேலாகத் தம்பியைப் பார்த்தார்.

"நீங்க என்ன வேணும் இவங்களுக்கு?"

"தம்பி, சார்."

"அம்மா கொஞ்சம் வெளில உக்காரட்டும். நாம பேசிடலாம்."

என் கேள்விகள் அனைத்தும் என்னோடு எழுந்து வெளியே வந்து நாற்காலியில் அமர்ந்தன. கதவருகே நின்ற செவிலி அடுத்தவரை அழைத்தார்: "கூட வந்தவங்க மட்டும் உள்ள வாங்க." அப்போதுதான் கவனித்தேன். வெளியே அமர்த்தி வைக்கப்பட்டிருந்தவர்கள் எல்லோரும் நோயாளிகள். மருத்துவரைப் பார்த்துப் பேசிவிட்டு வருகிறவர்கள் எல்லோரும் உடல்நலம் உள்ளவர்கள்!

தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தான். "பயப்பட எதுவும் இல்லக்கா. சின்னக் கட்டி. எடுத்துடலாம்னு சொல்றார்."

பயப்படுவதாக நான் சொன்னேனா?

பிப்ரவரி 4

தம்பி எனக்கென்று தனியாக ஆப்பிள் வாங்கி வந்திருக்கிறான். நிச்சயம் ஏதோ இருக்கிறது.

பிப்ரவரி 6

பேருந்து நிலையத்தில் காலை அறிவிப்புப் பணியின்போது குரல் இரண்டு முறை உடைந்தது. இரண்டாம் முறை, "நான்காம் நடைமேடையிலிருந்து புறப்படவிருக்கும்" என்பதற்குப் பிறகு எதுவுமே வரவில்லை. ஒலிபெருக்கி முழுவதும் என் மூச்சுதான் கேட்டிருக்கும். பயணிகள் எதில் ஏறினார்களோ.

ஓட்டுநர் ஒருவர் அறிவிப்பறையின் கண்ணாடியைத் தட்டினார். "என்ன மைக் அக்கா, தொண்டையில கியர் மாட்டிக்கிச்சா?"

"வண்டியில் மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கரகரத்தேன். சிரித்துக்கொண்டு போனார்.

பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு என்னைக் கைகழுவியது. நான் அதைக் கைகழுவவில்லை. பொட்டலக் காகிதம், பழைய நாளிதழ், நூலகத்துக் கிழிசல் என்று படித்துப் படித்து, ஒரு வாக்கியம் எப்படி நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று கற்றேன். இந்தப் பேருந்து நிலையத்தில் "வண்டி வருது, தள்ளுங்க" என்று கத்திக்கொண்டிருந்த ஒலிபெருக்கியை, "அன்புகூர்ந்து வழிவிடுங்கள்" என்று பேச வைத்தவள் நான். என்னிடம் உள்ளது இந்தக் குரல் ஒன்றுதான். வேறு சொத்து கிடையாது.

பிப்ரவரி 8

தம்பி மனைவி மொட்டை மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரே துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். "என்னம்மா?" என்றேன். பொலபொலவென்று சொல்லிவிட்டாள்.

"அண்ணி, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. ஆபரேஷன் பண்ணினா குரல் போனாலும் போகலாம்னு டாக்டர் சொன்னாராம். என்ன வேலை பாக்குறாங்கன்னும் கேட்டிருக்கார். இவரு, வீட்டுலதான் இருக்காங்கன்னு சொல்லிட்டு வந்துட்டாரு."

"ஏன்?"

"வேலை விஷயம் தெரிஞ்சா டாக்டர் யோசிப்பாரு, நீங்களும் மாட்டேன்னுடுவீங்க, நாள் தள்ளிப்போயிடும்னு பயம் அண்ணி. அவரு சரியா தூங்கறதே இல்ல."

வீட்டுலதான் இருக்காங்களாம்! விடியறதுக்கு முன்ன எழுந்து முதல் வண்டிக்கு மைக் முன்னாடி உக்கார்றவ வீட்டுலதான் இருக்காளா? என் கழுத்து. என் தொண்டை. அதைப் பத்தி ரெண்டு ஆம்பளைங்க கதவைச் சாத்திக்கிட்டுப் பேசி முடிவெடுத்தாச்சு — நான் வெளியில உக்காந்து மின்விசிறியைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்.

எழுத்து கோணுகிறது. நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 9

தம்பியிடம் கேட்டேன். மனைவியைக் காட்டிக்கொடுக்கவில்லை, அவன் முகமே அவனைக் காட்டிக்கொடுத்தது.

"குரலா உயிரான்னு வந்தா நீ குரல்னு சொல்லுவ. எனக்குத் தெரியாதா உன்னை?"

"கேட்டுப் பார்த்தாயா?"

"உன்கிட்ட கேட்டா வாதாடுவ. வாதாடி ஜெயிச்சுடவும் செய்வ. எனக்கு நீ ஜெயிக்க வேணாம்க்கா, நீ இருக்கணும்."

அன்புதான். அன்பு இல்லை என்று யார் சொன்னது? ஆனால் அன்பு என்பது வாயில் துணி வைத்து அடைப்பதா?

அறுவைக்கு ஒப்புதல் தரும் கையெழுத்து என்னுடையது, அதை இட மாட்டேன் என்று அறிவித்துவிட்டேன். அவன் சாப்பிடாமல் படுத்துவிட்டான். நான் சாப்பிட்டேன். கோபத்துக்குத் தெம்பு வேண்டும்.

பிப்ரவரி 12

தனியாகப் போனேன்.

"கூட யாரும்மா வந்திருக்கா?" என்றார் செவிலி.

"நான்தான் வந்திருக்கிறேன்."

"அது தெரியுது. உங்களோட?"

"என்னோடு நானே வந்திருக்கிறேன். என்னை மட்டும் உள்ளே அனுப்புங்கள்."

காத்திருந்தவர்களில் ஒரு பெரியவர் கைத்தடியை ஒரு தட்டுத் தட்டினார். ஆமோதிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

மருத்துவர் நிமிராமலே, "தம்பி வரலியா? அவர்கிட்ட எல்லாம் சொல்லியாச்சேம்மா" என்றார்.

"அவரிடம் சொன்னீர்கள். கட்டி என்னிடம் இருக்கிறது."

நிமிர்ந்தார். சினந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். "வெளிய எவ்வளவு கூட்டம், பாத்தீங்கல்ல? உள்ளதைச் சொன்னா பாதிப் பேர் பயந்து திரும்ப வர்றதே இல்ல. கூட வந்தவங்ககிட்ட சொன்னா இழுத்துட்டாவது வருவாங்க. அனுபவத்துல சொல்றேன்."

"வராமல் போனவர்களிடம் எப்படிச் சொன்னீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா? நான் புரிந்துகொண்டிருப்பதை ஒப்பிக்கிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள். அதன்பிறகு என்னை வெளியே அனுப்பலாம்."

ஒப்பித்தேன். இரண்டு நாளாகத் தீட்டிய வாக்கியங்கள். வலியில்லாத கட்டி ஆதலால் அதனால் தீங்கில்லை. அதை நீக்குவதற்காகக் குரல்வளையை அறுக்கப் போகிறீர்கள். குரலைப் பறித்துக்கொண்டு உயிரைத் திருப்பித் தரும் இந்த வியாபாரத்துக்கு நான் உடன்படவில்லை.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "குரல்வளையை அறுக்கப்போறோம்னு யாரும்மா சொன்னா?"

"யாரும் சொல்லவில்லை. அதுதானே சங்கதி."

அவர் நாற்காலியை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு தாளை எடுத்து மூச்சுக்குழாயை வரைந்தார், அதன்மேல் சிறகு விரித்த பூச்சிபோல் ஒரு சுரப்பி. ஓவியம் அவருக்கு வராது. ஆனால் விளங்கியது. குரல்வளையை எவரும் தொடப்போவதில்லை. சுரப்பிக்குப் பின்னால் நூல்போல ஒரு நரம்பு ஓடுகிறது. அது அடிபட்டால்தான் குரலுக்குக் கேடு.

"நூறு பேருக்குப் பண்ணினா ஒண்ணு ரெண்டு பேருக்குக் குரல் நிரந்தரமா மாறும். இன்னும் சில பேருக்குச் சில மாசம் கரகரன்னு இருந்து சரியாயிடும்."

"எடுக்காமல் விட்டால்?"

அவர் ஜன்னலைப் பார்க்கவில்லை, பேனாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார். "சந்தேகமான செல்கள் இருக்கும்மா. புற்றா இருக்க வாய்ப்பு அதிகம். எடுத்துப் பார்த்தாத்தான் உறுதி. இந்த வகை பெரும்பாலும் குணமாகும். ஆனா விட்டுவைக்கக் கூடாது."

வலியில்லை ஆதலால் தீங்கில்லை — அந்த வாக்கியத்தை எவ்வளவு அழகாகக் கட்டியிருந்தேன். அத்தனையும் பிழை. அழகான வாக்கியம் உண்மையாகவும் இருக்கும் என்று எவரும் எனக்கு உறுதியளிக்கவில்லைதான்.

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

சொன்னேன். அவர் திரையைத் திருப்பிப் பார்த்தார். "இங்க வேலை இல்லைன்னுல்ல போட்டிருக்கு." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நரம்பு எங்க இருக்குன்னு ஆபரேஷன் நடக்கும்போதே சத்தம் குடுத்துக் காட்டுற கருவி ஒண்ணு இருக்கும்மா. இங்க இல்ல, வரவழைக்கணும். எல்லாருக்கும் வைக்கறதில்ல. குரலை நம்பிப் பொழைக்கிறவங்கன்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே ஏற்பாடு பண்ணியிருப்பேன்."

ஆக, என்னை வெளியே உட்கார வைத்ததில் தெரிந்துகொள்ளாமல் போனது நான் மட்டும் அல்ல.

பிப்ரவரி 13

கருவி வர மூன்று வாரம் ஆகுமாம். அதுவரை காத்திருப்பதால் ஆபத்தில்லை என்பதையும் கேட்டறிந்துகொண்டேன். கையெழுத்து இடுவேன். தம்பி அழுது கேட்டதனால் அல்ல, மருத்துவர் மனம் மாறியதனால் அல்ல. இப்போது எனக்குத் தெரியும், தெரிந்து இடுகிறேன்.

ஒரு நிபந்தனையும் வைத்திருக்கிறேன். கண் விழித்தவுடன், நடந்தது நல்லதாயினும் கெட்டதாயினும், முதலில் என்னிடம் சொல்ல வேண்டும்.

"அப்போ தம்பி கேட்டா?" என்றார் மருத்துவர்.

"என்னிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்."

மார்ச் 8

நாளை அறுவை. இன்று கடைசி வண்டிவரை அறிவித்தேன். வழக்கத்தைவிட நீளமான வாக்கியங்களாகவே அமைத்தேன். நிலைய மேலாளர் எட்டிப்பார்த்து, "பஸ் போயிடும்மா, சீக்கிரம் முடிங்க" என்றார். முடிக்கவில்லை. பேருந்துதான் காத்திருந்தது.

மார்ச் 10

பேச்சு இல்லை. எழுதுகிறேன்.

நேற்று கண் விழித்தபோது தம்பி, அவன் மனைவி, செவிலி எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். மருத்துவர் வந்ததும் தம்பி, "சார், எப்படி..." என்று முன்னால் போனான். பழக்கம் விடுமா? மருத்துவரும் பழக்கத்தில் அவன் பக்கம் அரை அடி திரும்பிவிட்டார். கட்டில் சட்டத்தை விரலால் தட்டினேன். நின்றார். முக்காலியை இழுத்து, என் முகத்துக்கு நேரே அமர்ந்தார்.

"முழுசா எடுத்தாச்சும்மா. வலப்பக்க நரம்பு நல்லா இருக்கு. இடப்பக்கத்துல கட்டி நரம்போட ஒட்டியிருந்துச்சு. பிரிச்செடுத்தோம், அறுபடல. ஆனா இழுபட்டிருக்கு. குரல் திரும்ப மாசக்கணக்குல ஆகலாம். பழையபடியே வரும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

தம்பி சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். எனக்கு அழுகை வந்தது. மறைப்பானேன்? ஆனால் என் அழுகையை நானே அழுதேன். என் சார்பாக இன்னொருவர் தாழ்வாரத்தில் அழவில்லை.

"நீங்க புரிஞ்சுக்கிட்டதைச் சொல்லுங்க" என்றார். பிறகுதான் தான் கேட்டது என்னவென்று அவருக்கு உறைத்தது. அசடு வழிந்தபடி சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார்.

மார்ச் 14

நிலைய மேலாளர் பார்க்க வந்தார். பதிவு செய்த குரலை வாங்கிப் போட்டுவிடலாமா என்று மேலிடத்தில் பேச்சாம். "ஆறு மாதம் பொறுங்கள் என்று சொல்லுங்கள்" என்று எழுதிக் காட்டினேன். "முடியாதுன்னா?" என்றார். அந்த வரியின் கீழ் ஒரு கோடு போட்டுக் காட்டினேன்.

மார்ச் 24

சோதனை முடிவு வந்துவிட்டது. தம்பி தானாகவே, "நான் வெளில இருக்கேன்" என்று சொல்லிவிட்டான்.

புற்றுதான். பக்கத்து நிணநீர் முடிச்சு ஒன்றுக்கும் பரவியிருக்கிறது. கதிரியக்க மருந்து ஒன்றை விழுங்கிவிட்டுச் சில நாள் எவரும் அருகில் வராத தனியறையில் இருக்க வேண்டும். குணமாகும் என்று நம்பக் காரணம் உண்டு, உறுதி இல்லை. மருத்துவர் இதை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டவில்லை. ஒன்று சொன்னார், நிறுத்தினார், நான் கேட்டேன், அடுத்ததைச் சொன்னார். என் குரல் இப்போது காய்ந்த சருகை மிதித்தாற்போல இருக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் காத்திருந்தார். கூட்டம் வெளியே நின்றுகொண்டுதான் இருந்தது.

"தம்பியை நான் கூப்பிட்டுச் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

"நானே."

வெளியே வந்தேன். அவன் எழுந்து நின்றான். என்ன என்று கேட்கவில்லை. என் கண்ணை மட்டும் பார்த்தான். முதலில் ஒரு தேநீர் குடிக்கலாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம், நாளை சொல்லலாம், பாதியைச் சொல்லலாம். இவ்வளவு சுலபமா இது! அவனை ஏசியதெல்லாம் சரிதான். ஆனால் மறைப்பது சுலபம் என்பது எனக்கு இன்றுதான் தெரிந்தது.

"உட்கார்" என்றேன். "எல்லாவற்றையும் சொல்லவா?"

தலையாட்டினான். சொன்னேன். குரல் எழாததால் காதை என் வாயருகே கொண்டுவந்து கேட்டான். புற்று என்ற சொல்லை வேறு சொல்லால் மூடவில்லை. நிறுத்தினேன். அவன் கேட்கக் காத்திருந்தேன். அவன் என் புடவைத் தலைப்பின் ஓரத்தைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தான், சிறுபிள்ளையில் செய்ததுபோல.

வீடு திரும்பும் பேருந்தில், இறங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், திடீரென்று கேட்டான்.

"அந்தத் தனி ரூம்ல யாரும் வரக் கூடாதுன்னா, உனக்கோ சத்தமும் வரல. ஏதாச்சும் வேணும்னா எப்படிக்கா கூப்பிடுவ?"

எனக்குத் தோன்றியிராத கேள்வி. விடை தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டேன். வரும் திங்கட்கிழமை கேட்போம் என்றேன்.

"நீயே கேளு. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்" என்றான்.