மஞ்சள் தாளில் நீ எழுதிவைத்த பதினொன்று

பீடோங், கெடா, மலேசியா.

அன்பு மகள் செரீனாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் ஆண்டவர் கிருபையில் சுகமாக இருக்கிறோம், மெல்பர்ன் குளிரில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். உன் வீட்டிலிருந்து நான் திரும்பி வந்து இருபது நாளாகிறது. அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. நான் இல்லாத மூன்று வாரமும் உன் தம்பி டேரன் கூலிம் ஃபேக்டரியிலிருந்து வந்து சமைத்துப் போட்டிருக்கிறான், அதை வாயில் வைக்க முடியாமல் பட்டினி கிடந்துதான் இறங்கியது என்று அப்பா சொல்கிறார். பின்பக்கத் தகரக்கூரை இன்னும் ஒழுகுகிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம், ஆனால் போனில் நான் எதைத் தொடங்கினாலும் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதம் அப்படி இல்லை, மேசையில் கிடந்து உன்னை முறைத்துக்கொண்டிருக்கும். அதனால் எழுதுகிறேன்.

முதலில் என் பொய்யைச் சொல்லிவிடுகிறேன். நான் வந்த மறுநாள் ஐஸ்பெட்டிக் கதவில் ஒரு மஞ்சள் தாளை ஒட்டி, நீ வேலைக்குப் போன பிறகு நான் என்னென்ன செய்யலாம் என்று பதினொன்று எழுதியிருந்தாய். வியட்நாம்காரர் மார்க்கெட், நூலகம், சுவரெல்லாம் படம் வரைந்த சந்து, ஆற்றோர நடை, எத்தியோப்பியக் காப்பிக் கடை, எந்த டிராம், எங்கே இறங்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் எல்லாம் இருந்தது. நான் போனது மார்க்கெட்டுக்கும் நூலகத்துக்கும்தான். மற்றதெல்லாம் பார்த்ததாகச் சொன்னது பொய். இரண்டு ஞாயிறும் மாலைப் பூசைக்கென்று உன்னிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியதும் பொய். அதை இங்கே வந்ததும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன், ஃபாதர் சிரித்துவிட்டார்.

மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, அந்தக் காப்பிக் கடையைத்தான் தேடிப் போனேன். "இஞ்சி போட்டுத் தருவார்கள், நன்றாக இருக்கும்" என்று பக்கத்தில் எழுதியிருந்தாய். அங்கே சைக்கிள் ரிப்பேர் கடை இருந்தது. கையெல்லாம் கிரீஸோடு வெளியே வந்தவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, அந்தக் கடை மூடி நாலு வருடமாகிறது, அதற்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்த இரண்டாவது கடைக்காரர் தான் என்றார். நடைபாதையிலேயே நின்றுவிட்டேன். உன் வீட்டிலிருந்து எட்டு நிமிட நடை. நீ அந்த வட்டாரத்துக்குக் குடிவந்து ஆறு வருடம். யாரோ இணையத்தில் எழுதியதைப் பார்த்து எனக்கு எழுதிக்கொடுத்திருக்கிறாய், நீ ஓர் இடத்துக்கும் போனதில்லை. உன் சாப்பாட்டு மேசையில் இரண்டு நாற்காலி இருக்கிறது, ஒன்றில் கடையில் சுற்றிக்கொடுத்த பிளாஸ்டிக் அப்படியே இருந்தது. வந்த அன்றே பார்த்தேன், சோம்பல் என்று நினைத்தேன். சைக்கிள் கடை வாசலில் நிற்கும்போதுதான் அது சோம்பல் இல்லை என்று தெரிந்தது.

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. அந்த அரசாங்க அடுக்குமாடிகள் இருக்கிற பக்கம், "அங்க போகாதீங்கம்மா, ஒரு மாதிரி ஆளுங்க" என்று நீ சொன்ன பக்கம், ஒரு பெரிய கட்டடத்தில் ஒதுங்கினேன். உள்ளே பொது நீச்சல்குளம். செவ்வாய் காலையும் ஞாயிறு மாலையும் பெண்களுக்கு மட்டும் என்று ஆறு மொழியில் எழுதியிருந்தது, கடைசியில் தமிழ். எட்டிப் பார்த்தேன். சோமாலியப் பெண்கள் தலை முதல் கால்வரை மூடிய நீச்சலுடையில் கத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், வியட்நாம் கிழவிகள் பூப்போட்ட தொப்பியோடு வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். ஓரத்தில் கால் நனைத்துக்கொண்டிருந்த ஒருத்தி என்னைத் திரும்பிப் பார்த்து, "என்னம்மா, தண்ணியைக் கண்டு பயப்பிடுறியளோ?" என்று தமிழில் கேட்டாள். பெயர் தர்மினி, யாழ்ப்பாணப் பக்கம். அடுத்த முறை நான் போனபோது ஹாவா என்ற சோமாலியப் பெண் தன் மகளுடைய நீச்சலுடையைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஐந்து முறை போனேன் செரீனா. ஐம்பத்தெட்டு வயதில் மல்லாந்து மிதக்கப் படித்துக்கொண்டேன். தர்மினி என் முதுகுக்கடியில் கையை வைத்துக்கொண்டு, "விடுறன், விடுறன்" என்று சொல்லிச் சொல்லி எப்போதோ விட்டுவிட்டிருந்தாள்.

இரண்டாம் ஞாயிறு அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உங்களை எங்கயோ கண்ட மாதிரிக் கிடக்கு" என்றாள். பிறகு அவளாகவே, "நீலச் சீலை, பக்கத்தில ஒரு கறுப்பு நாய்" என்றாள். உன் ஆபீஸ் மேசையில் இருக்கிற படம். விடியற்காலையில் அந்தப் பதினாலாம் மாடியைக் கூட்டித் துடைப்பது அவள்தான். நீ எட்டு மணிக்கு வரும்போது அவள் வீடு போய்ச் சேர்ந்திருப்பாள். மூன்று வருடமாக உன் அம்மாவின் முகத்தைத் துடைத்து வைக்கிறவள் உனக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறாள், நீ அவளைப் பார்த்ததே இல்லை. படகில் வந்தவள், பதினோரு வருடமாக ஆறு ஆறு மாதமாக நீட்டிக்கொடுக்கிற ஒரு விசாத் தாளை நம்பி இருக்கிறாள். அந்த நாடு அவளைத் துடைக்கக் கூப்பிடும், உட்கார் என்று சொல்லாது. ஒரு மாதிரி ஆள் என்று நீ சொன்னது அவளைத்தான்.

உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. நான் பிறந்த தோட்டத்தில் துரையின் கிளப்புக்குப் பின்னால் நீச்சல்குளம் இருந்தது. சனிக்கிழமை அதில் விழுந்த இலையை அள்ளுவது எங்கள் வேலை, காலை நனைக்கக் கூடாது. பன்னிரண்டு வயதில் நான் நனைத்தேன். தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, கிராணி, பார்த்துச் சொல்லிவிட்டார். என் அப்பா என்னைக் கிளப் வாசலுக்கு இழுத்துப் போய், துரை கண்ணில் படும்படி அடித்தார். அடி மறந்துவிட்டது, யார் பார்க்க அடித்தார் என்பது மறக்கவில்லை. அன்றைக்குப் படித்த பாடத்தைத்தான் உனக்கும் சொல்லி வளர்த்தேன். நம் வேலையைப் பார், யாரோடும் ஒட்டாதே, கிரில் கதவைப் பூட்டு. பீடோங் டவுனில் தோட்டத்து ஆளுங்க என்று நம்மைச் சொன்னார்கள், நான் மற்றவர்களைச் சொன்னேன், நீ அதை மெல்பர்ன் வரைக்கும் சுமந்துகொண்டு போயிருக்கிறாய்.

அதனால் வந்த மறுவாரம் நம் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த மலாய்க்கார அக்கா, காக் ரொஹானிக்கு, நம் நாயால்தான் ஆகாது, அதனால்தான் வருவதில்லை என்று நாம் பேசிக்கொள்வோமே, நாய் செத்து ஆறு வருடமாகிறது, அதை யாரும் யோசிக்கவில்லை. நான் செய்து எடுத்துப்போன கேக்கை வாங்கி வைத்துவிட்டு என்னை உள்ளே உட்காரச் சொன்னார். பத்தொன்பது வருடமாக என்னை சொம்போங், தலைக்கனம் பிடித்தவள், என்று நினைத்திருந்தாராம், என் முகத்துக்கு நேரே சொன்னார். இப்போது வெள்ளிக்கிழமை காலை அவர் காரில் இருவரும் சுங்கை பட்டாணி குளத்துக்குப் போகிறோம். அவருக்கு மிதக்க வரவில்லை, நான் முதுகைப் பிடிக்கிறேன். அப்பா, "இந்த வயசுல தண்ணில விழுந்து செத்தா நான் யாருக்குப் பதில் சொல்றதுலா" என்றார், ஆனால் நேற்று என் துண்டை அவரே கொடியில் காயப் போட்டிருந்தார்.

இனி உன் பங்கு. படுக்கையறை அலமாரியில் கீழ்த்தட்டில் பழைய கம்பளிக்குப் பின்னால் ஒரு பை இருக்கிறது. ஹாவா கொடுத்த நீச்சலுடை, துவைத்துத்தான் வைத்தேன், உனக்கும் அளவு சரியாக இருக்கும். ஞாயிறு மாலை ஆறு மணி. நீ வருவாய் என்று உன்னைக் கேட்காமலே தர்மினியிடம் சொல்லிவிட்டேன். தினமும் வாசலில் நின்று பார்க்கிறவள் இல்லை அவள், விடியற்காலை வேலைக்கு எழுகிறவள், இருந்தாலும் ஆறேகால் வரை நிற்கிறேன் என்றாள். போன ஞாயிறும் நின்றிருப்பாள். நீ என்மேல் கோபப்பட்டு ஒரு மாதம் பேசாமல் இருந்தால் இருந்துகொள், பழக்கம்தான், ஆனால் அவளை நிற்க வைக்காதே.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே வராதே. நீ உறங்கும்போதும் விழிக்கும்போதும் மாதா உன் பக்கத்தில் இருக்கட்டும், நல்ல மனிதர்களை உன் வாசலுக்கு அனுப்பட்டும். ஒன்று மறந்துவிட்டேன். மூன்று வாரமும் நான் அந்தப் பிளாஸ்டிக் மேலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன், எழுந்தால் முதுகோடு ஒட்டிக்கொண்டு வந்தது, ஆனாலும் நான் கிழிக்கவில்லை. உன் வீட்டு நாற்காலி, நீதான் கிழிக்க வேண்டும். ஞாயிறு மாலை குளத்திலிருந்து யாராவது உன்னோடு வரலாம், அதற்குள் கிழித்துவிடு.

உன் அம்மா,
அகத்தா ஏசுதாசன்