வாளியைக் கவிழ்த்து வையுங்கள்

என்னங்க,

செவலைக்கோழி காலையில் போய்விட்டது. "தின்னுது, ஆனா தேறலையே"ன்னு கேட்டீர்களே, டாக்டர் அறுத்துக் காட்டினார். குடல் முழுக்க வெள்ளைப் புழு. போன வாரம் மருந்துத் தண்ணீருக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் வாளியையும் வைத்த புண்ணியவான் நீங்கள். எது ருசி என்று கோழிக்குத் தெரியாதா?

மற்ற நாலுக்கும் மருந்து கலந்திருக்கிறேன். இந்தத் தடவையாவது வாளியைக் கவிழ்த்து வையுங்கள். கூண்டில் ஈர உமியை வாரிவிட்டுக் காய்ந்ததைப் போடுங்கள், ஈரத்தில்தான் புழு பெருகுமாம். டாக்டர் சொல்லும்வரை முட்டையைத் தின்னக்கூடாது.

பக்கத்து வீட்டு அக்கா, "என்ன, ரெண்டு நாளா உங்க வீட்ல பேச்சுச் சத்தமே காணோம்?" என்றாள். கோழிக்கு உடம்பு சரியில்லை என்று சமாளித்தேன்.

பி.கு.: செவலையை உங்கள் துண்டில் சுற்றிப் பின்வாசலில் வைத்திருக்கிறேன். ஆழமாகப் புதையுங்கள். என்னிடம் பேசாவிட்டாலும் அதனிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் புதையுங்கள்.