ஞாயிறு வண்டிக்கு முன் ஓர் உயில்

அனுப்புநர்:
ஆ. தேசிகன்,
ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு,
கீழச் சித்திரை வீதி, ஸ்ரீரங்கம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்டப் பதிவாளர் அவர்கள்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: நான் நோயுற்றுப் படுத்திருப்பதால் அலுவலர் என் வீட்டுக்கு நேரில் வந்து, ஞாயிற்றுக்கிழமைக்கு முன் என் உயிலைப் பதிவு செய்ய வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

எழுத்தின் கோணலை முதலில் மன்னிக்க வேண்டும். சென்ற பங்குனியில் வந்த பக்கவாதத்தில் என் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இதை இடது கையால் எழுதுகிறேன். பேச்சு குழறும், பொறுமையாகக் கேட்பவர்களுக்குப் புரியும். புத்தியில் ஒரு குறையும் இல்லை. அதை நிரூபிக்க வேண்டிய நிலை வந்துவிட்டதால்தான் தங்களைத் தொந்தரவு செய்கிறேன்.

1. நான் குடியிருக்கும் வீடு என் சொந்தச் சம்பாத்தியத்தில் 1938இல் கிரயம் வாங்கியது. மனைவி காலமாகிவிட்டாள். பிள்ளைகள் இல்லை. மனைவியின் தங்கை பிரசவத்தில் இறந்தபோது, அந்தக் குழந்தை வத்ஸலாவை நாங்கள் எடுத்து வளர்த்தோம். தத்து எடுக்க விரும்பினோம். பெண் குழந்தைக்குத் தத்து ஹோமம் சாஸ்திரத்தில் இல்லை என்று வாத்தியார் கையை விரித்துவிட்டார். சாஸ்திரத்தைக் கேட்காமலே அவள் என்னை அப்பா என்று கூப்பிட்டாள். இன்று திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்துக்கொண்டே எனக்குச் சாதம் பிசைந்து ஊட்டுகிறாள். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவள் எனக்கு யாருமில்லை. நான் உயில் இல்லாமல் கண்ணை மூடினால் வீடு என் காலஞ்சென்ற தம்பியின் ஒரே மகன் ரெங்கராஜுக்குப் போகும். என் பெண் வீதியில் நிற்பாள்.

2. மேற்படி ரெங்கராஜ் என்னைப் பார்க்கச் சென்னையிலிருந்து ஆனி மாதம் வந்தான். இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறான். மரியாதையில் குறை சொல்ல முடியாது. தினமும் காலில் விழுந்து சேவிக்கிறான். வெளியே போய், "பெரியப்பாவுக்கு நினைவு தப்பிப்போச்சு, யாரையும் அடையாளம் தெரியலை" என்று வீதி முழுக்கச் சொல்லி வருகிறான். வரும் ஞாயிறு இரவு வண்டியில் வைத்தியத்துக்காக என்னைச் சென்னைக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. வைத்தியத்துக்கு நான் விரோதி அல்ல. ஆனால் நேற்று அவன் கடைத்தெருவிலிருந்து மருந்து வாங்கி வரவில்லை; வாசல் கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கி வந்தான். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா.

3. இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று தாங்கள் கேட்கலாம். வத்ஸலாவிடம் பேச்செடுத்தாலே, அச்சானியமாகப் பேசாதீர்கள் என்று எழுந்து போய்விடுவாள். சாட்சி போடும்படி அண்டை வீட்டார் இருவரைக் கேட்டேன். ஒருவர், உயில் நல்ல காரியம், ஆடியில் தொடங்கக் கூடாது, ஆவணி பிறக்கட்டும் என்றார். மற்றவர், அது அபசகுனமான காரியம், வெள்ளிக்கிழமையில் கூடாது என்றார். நல்லதா கெட்டதா என்று அவர்கள் இருவரும் முதலில் ஒரு முடிவுக்கு வரட்டும் என்று காத்திருந்தால் என் காரியம் முடிந்துவிடும்.

4. ஆகவே, தங்களுக்குக் கீழுள்ள ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன். உயில் எழுதுபவர் நேரில் ஆஜராக வேண்டும் என்று இன்று பதில் வந்திருக்கிறது. எழுந்து நிற்க முடியாதவன் என்று எழுதியதற்கு வந்த பதில் அது. நடமாட முடியாத நோயாளியின் வீட்டுக்கு அலுவலர் வரச் சட்டத்தில் இடமிருக்கிறது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அலுவலகத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. யாருடைய பிழைப்பிலும் மண்ணைப் போடுவது என் நோக்கமல்ல.

5. கடைசிப் பெட்டியில் நின்று கொடி காட்டியவன் நான். வண்டி நகர்ந்த பிறகு மூட்டையுடன் ஓடி வருகிறவர்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் வண்டி உண்டென்று முன்பே தெரியும். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வக்கீல் வேண்டாம், கண்ணெதிரே கையெழுத்திடும் இரண்டு சாட்சிகள் போதும் என்பதைத் தங்கள் அலுவலக வாசல்கள்தோறும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டுகிறேன். கையும் காலும் நன்றாக இருப்பவர்கள் படித்துவிட்டுப் போகட்டும்.

6. தாங்கள் வருவதற்குள் எனக்கு ஏதேனும் நேர்ந்தால், இம்மனுவையே என் கடைசி உயிலாகக் கொள்ள வேண்டும். மேற்படி வீட்டை என் காலத்துக்குப் பின் வத்ஸலா சர்வ சுதந்திர பாத்தியத்துடன் அனுபவிக்க வேண்டியது. வேறு யாருக்கும் அதில் உரிமை இல்லை. இதை நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது. அவள் டியூட்டிக்குப் போயிருக்கிறாள்.

7. இது என் கையெழுத்தே அல்ல என்று ரெங்கராஜ் நிச்சயம் வாதாடுவான். பழைய கையெழுத்தோடு ஒப்பிட்டால் அவன் சொல்வதே சரியாகத் தோன்றும். ஆனால் கிரயப் பத்திரம் பதிவானபோது என் இடது கைப் பெருவிரல் ரேகையைத் தங்கள் துறை எடுத்து வைத்திருக்கிறது. வாதம் என் வலது கையைத்தான் கொண்டுபோனது. அந்த ரேகையையே கீழே வைக்கிறேன்; ஒப்பிட்டுப் பார்க்கவும்.

ரெங்கராஜ் இப்போது டிக்கெட் வாங்க ஜங்ஷனுக்குப் போயிருக்கிறான். ஊசி போட வந்த நர்ஸும், மறுப்புக் கடிதத்தைக் கொண்டுவந்த தபால்காரரும் என் அருகில் நிற்கிறார்கள். இன்று ஆடி வெள்ளி, இந்நேரம் ராகு காலம் என்று நானே சொல்லிவிட்டேன். பேனாவை எடுங்கள் என்றார் அந்த அம்மாள்.

நாளைக்குள் அலுவலர் ஒருவரை அனுப்பி, என்னை நேரில் விசாரித்து உயிலைப் பதிவு செய்து தரும்படி இரு கையையும் கூப்ப இயலாத நிலையில் வேண்டுகிறேன். அவர் வரும்போது ரெங்கராஜ் வாசலில் நின்றுகொண்டு, பெரியப்பா தூங்குகிறார் என்பான். நம்ப வேண்டாம். அவர் வரும்வரை நான் தூங்க மாட்டேன்.

இடம்: ஸ்ரீரங்கம்
நாள்: 27-7-1962

தங்கள் உண்மையுள்ள,
ஆ. தேசிகன்
(இடது கைப் பெருவிரல் ரேகையும் வைக்கப்பட்டுள்ளது)

அன்னார் தெளிவான நினைவுடன் எங்கள் கண்ணெதிரே கையெழுத்திட்டு ரேகை வைத்தார். அவர் முன்னிலையில் நாங்களும் கையெழுத்திடுகிறோம்:
1. வஹீதா, நர்ஸ்
2. அற்புதசாமி, தபால்காரர்