கிணற்றுத் தண்ணீர்க் காசு

ஜூன் 9, திங்கள்

சோளகக் காற்று தொடங்கிவிட்டது. மருதனார்மடத்திலிருந்து கொழும்புத்துறை போய்ச் சேர்வதற்குள் வாய் முழுக்க மணல்.

மூடிய நண்டுக் கம்பனியில் முதல் நாள். பூட்டி மூன்று மாதமாகியும் நாற்றம் போகவில்லை. பின்பக்கம் நண்டுக் கோது மலைபோல. காகம், மொய்க்கும் இலையான். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு பைல்களைத் திறந்தேன். பைல்களும் நாறுகின்றன.

வேலை இதுதான். கம்பனி முறிந்துவிட்டது. இருப்பதை விற்றுக் கடன்காரருக்குப் பங்கிட நீதிமன்றம் ஒரு கலைப்பாளரை நியமித்திருக்கிறது. கொழும்பு ஆள். (இனி க.) கட்டடத்துக்காக ஒன்பது வருடம் கட்டிய வாடகை, வரி, மின்சாரம், தண்ணீர் எல்லாவற்றையும் நான் பார்க்க வேண்டும். கூடுதலாகக் கட்டியிருந்தால் மீட்க வேண்டும். மீள்வதில் எனக்கு நூற்றுக்குப் பத்து வீதம். மீளாவிட்டால் பெற்றோல் காசும் இல்லை. இருபத்தாறு வருடம் ஓடிற்றராகக் கணக்காய்வு செய்தவனுக்கு இந்த மரியாதை. என்னிடம் வேலை பழகியவன் இன்று எங்கள் பழைய நிறுவனத்தின் கண்ணாடி அறையில் பங்காளி.

க.வுக்குச் சொல்லாத ஒன்று: காணியும் கட்டடமும் என் அக்காவின் சீதனம். மாதாமாதம் வாடகை வாங்கியவர் அத்தான். க. கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. வேலையை ஏற்றதே அதற்காகத்தான்.

வாசல் படலையில் குருநகர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர். நண்டு உடைத்துத் தசை எடுத்தவர்கள். மொத்தம் இருபத்துமூன்று பேருக்கு மூன்று மாதச் சம்பளம் நிலுவை. மேற்பார்வைக்கு இருந்த ஜசிந்தா என்பவளுக்குப் பெரிய குரல்.

"செத்த கம்பனியின்ரை கரண்ட் பில்லைப் பாக்க ஒரு சேர் வந்திருக்கிறார். உயிரோடை நிக்கிற எங்களைப் பாக்க ஒருத்தரும் வரேல்லை."

சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு போனேன்.

ஜூன் 10, செவ்வாய்

வெயில். இரண்டு தரம் குளித்தும் கையில் நண்டு மணம்.

பார்த்தவை:
மின்சாரம் - சரி.
சோலைவரி (மாநகரசபைக்கு) - ஒரு காலாண்டுக்கு இரண்டு தரம் கட்டி, அடுத்ததில் கழித்திருக்கிறார்கள். சரி.
காப்புறுதி - கடைசி வருடம் கட்டவில்லை.
குப்பை அள்ளக் கூலி - கட்டவேயில்லை. பின்பக்கம் போனால் தெரிகிறது.
தண்ணீர் - ?

தண்ணீர்க் காசு மாதம் 35,000, வாடகைக்குப் புறம்பாக. 'கிணற்று நீருக்காக' என்று ரசீது. எல்லாவற்றிலும் அத்தானின் கையெழுத்து, அந்த வால் நீண்ட கோணல் எழுத்து. தண்ணீர் இறைக்கும் மோட்டருக்குக் கரண்ட் காசு கட்டியதும் கம்பனிதான். அத்தான் என்னத்தைக் கொடுத்தார்? ஒரு வாளிகூடக் கொடுக்கவில்லை.

இரவு புட்டு. பழையது. மனுசி தன் தாய் வீட்டில். வீடு அமைதி.

ஜூன் 11, புதன்

குத்தகை உறுதிப் பத்திரம் கிடைத்தது. மேலே ஆங்கிலச் சுருக்கம் ஒன்றரைப் பக்கம். அதைத்தான் கொழும்பு மனேஜர்மார் வாசித்திருக்கிறார்கள். அதில் கிணறு இல்லை. கீழே நொத்தாரிசு எழுதிய தமிழ் உறுதியின் போட்டோப் பிரதி. கடைசிப் பக்கம் இல்லை, பரவாயில்லை. இரண்டாம் பக்கத்தில்: "வீடு, கிணறு, வழிவாய்க்கால், பயன்தரு மரங்கள் யாவும் உட்பட."

எங்கள் ஊர் உறுதிகளில் இந்த வரி இல்லாதது இல்லை. ஐயர் சொல்லும் மந்திரம் மாதிரி, நொத்தாரிசு படிக்கும்போது எல்லாரும் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருப்போம். ஆனால் எழுதியது எழுதியதுதான். கிணறு வாடகைக்குள் அடக்கம். ஒரே கிணற்றை அத்தான் இரண்டு தரம் வாடகைக்கு விட்டிருக்கிறார்.

க.வுக்குப் போன் எடுத்தேன். "வெரி குட், வெரி குட்" என்றான். வாயில் எதையோ மென்றுகொண்டு. அவனுடைய சட்டத்தரணியின் கணக்கில் ஆறு வருடத்துக்குமேல் பின்னால் போக முடியாது. ஆறு வருடத்துக்கு 25,20,000.

பெண்களின் நிலுவைச் சம்பளம் 22,08,000. இயந்திரம், குளிர் அறை, லொறி எல்லாம் வங்கிக்கு ஈடு. இந்தத் தண்ணீர்க் காசை விட்டால் அவர்களுக்கு வேறு ஒரு சதமும் இல்லை.

சந்தோசம். ஜசிந்தாவுக்காக அல்ல. பொய் எழுத இது க.வுக்கு அனுப்பும் அறிக்கை அல்ல. அந்தக் காணி அக்காவுக்குப் போன அன்று எனக்குக் கிடைத்தது மருதனார்மடத்தில் இரண்டு பரப்புக் கல்லு நிலமும் அப்பு, எங்கள் தகப்பன், சொன்ன ஒரு வசனமும்: "ஆம்பிளைப் பிள்ளை, உழைச்சுக்கொள்ளுவான்." உழைத்தேன். அத்தான் ஒரு நாளும் உழைக்கவில்லை. கிணறு உழைத்தது.

ஜூன் 12, வியாழன்

நல்லூரில் அக்கா வீடு. அத்தான் விறாந்தையில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாறு முழங்கை வரை. புதுப் பல்லுக்கட்டு, கடிக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம். பார்க்க முடியவில்லை.

"வாரும் மச்சான். கணக்கப்பிள்ளை வேலை எப்பிடிப் போகுது?"

தண்ணீர்க் காசைக் கேட்டேன்.

"அது அவங்களாத் தந்தது. நான் கழுத்தைப் பிடிச்சனானோ?"

"கிணறு குத்தகைக்குள்ளை அடங்கியிருக்கு, அத்தான். உறுதியிலை கிடக்கு."

"நீர் கடைசிப் பக்கம் பாத்தனீரோ?"

கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு உள்ளே போய் மூலப் பிரதியைக் கொண்டுவந்தார். நேரே கடைசிப் பக்கத்தைப் பிரித்து நீட்டினார். ஆயத்தமாக இருந்திருக்கிறார்.

குத்தகைக்குக் கொடுப்பவர்: அக்கா. அவளுடைய வட்ட எழுத்து. அத்தான் 'கணவன், சம்மதம்' என்று மட்டும். சீதனக் காணி, வேறு எப்படி இருக்கும்? எனக்குத் தெரிந்த விசயம். தெரிந்தும் இந்த மூன்று நாளும் மனதில் கோரிக்கைக் கடிதத்தை அத்தான் பெயருக்கே எழுதிக்கொண்டிருந்தேன். அது அவள் பெயருக்குத்தான் போகும். வழக்கென்று கோடு ஏறினாலும் அவள்தான் ஏற வேண்டும்.

அதற்குக் கீழே, இரண்டாம் சாட்சி: என் பெயர். என் கையெழுத்து.

"வாசிக்காமலே சாட்சி வைச்சவர். பெரிய ஓடிற்றர்!" பல்லுக்கட்டு தெரியச் சிரித்தார்.

சாட்சி வைப்பவன் முழுவதையும் வாசிக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ஒன்பது வருடத்துக்கு முன் நொத்தாரிசு கந்தோரில் நின்றது நினைவு வந்தது. காணி போன பழைய கோபத்தில் ஒரு எழுத்தும் பார்க்காமல், பேனையைக் குத்தி இழுத்துவிட்டு வெளியே வந்தேன். வாசித்திருந்தால், செவ்வாய்க்கிழமை முதல் ரசீதைக் கண்டபோதே பிழை தெரிந்திருக்கும்.

குசினியில் அக்கா. தேங்காய் துருவும் சத்தம் நின்றிருந்தது.

ஜூன் 14, சனி

அக்கா ஆஞ்சநேயர் கோயிலுக்கு வந்தவள், வீட்டுக்கும் வந்தாள். நெற்றியில் செந்தூரம், கையில் வடை மாலையில் பிய்த்த இரண்டு வடை. கதிரையின் நுனியில் இருந்தாள்.

"கிணத்துக் காசெண்டு ஒண்டு வந்ததே எனக்குத் தெரியாது, தம்பி. ஒம்பது வருசம்."

"அத்தானிட்டைக் கேட்டனீங்களோ?"

"கேட்டன். உன்ரை தம்பியைக் கேள் எண்டார்." வடையை என் கையில் தந்தாள். "அந்தக் காசு திரும்பி வந்தால் ஆருக்குப் போகும்?"

"நண்டு உடைச்ச பெண்டுகளுக்கு. சம்பள நிலுவை."

"உனக்கு?"

"பத்து வீதம்."

சிரித்தாள். அதைவிட அத்தானின் சிரிப்பு பரவாயில்லை.

"அவர் கிணத்தை வித்தார். நீ அக்காவை விக்கிறாய்."

கோரிக்கைக் கடிதம் எழுதவில்லை, விட்டுவிடுகிறேன் என்றேன். எழும்பினாள்.

"ஏன் விடுறாய்? அதுகளின்ரை சம்பளம் எங்கடை வீட்டுக்குள்ளை கிடக்குது. எழுது. அவர் வாகனத்தை விக்கட்டும். எனக்காக விட்டனான் எண்டு சொல்லிக்கொண்டு திரியாதை. ஆனா நீ ஏன் இதைக் கையிலை எடுத்தனீ எண்டு எனக்குத் தெரியும்."

பஸ் ஏற்றிவிட்டேன். சந்தியில் வெங்காய லொறி, ஒரே புழுதி. வடையை நாய்க்குப் போட்டேன்.

ஜூன் 16, திங்கள்

க.வுக்குக் கடிதம். மூன்று விடயம். ஒன்று, குத்தகைக்குக் கொடுத்தவள் என் உடன்பிறந்தவள். இரண்டு, உறுதியில் நான் சாட்சி. மூன்று, பத்து வீதம் வேண்டாம்.

காரணம் எழுதினேன்: எதிர்த்தரப்பு இதை முதலில் சொன்னால் கோரிக்கையே கெட்டுவிடும். சரியான காரணம்தான். முழுக் காரணமோ தெரியாது.

பின்னேரம் போன் எடுத்தான். "இதை முதலே சொல்லியிருக்க வேண்டாமா, மிஸ்டர்?" முப்பத்தைந்து வயது இருக்குமோ? என்னைப் பாடசாலைப் பிள்ளை மாதிரி அரை மணித்தியாலம். கணக்கைத் தன் ஆள் ஒருவரை வைத்துத் திரும்பவும் சரிபார்த்து, தன் கையெழுத்தில் அனுப்புவானாம். என் பெயர் எங்கும் வராது. வேறு கம்பனி வேலை தருவதும் சந்தேகம். சந்தேகம் என்றால் இல்லை.

கணக்கில் பிழை இராது. அது மட்டும் நிச்சயம்.

ஜூன் 18, புதன்

கம்பனிப் பூட்டுகளின் திறப்புகளைக் காவலாளியிடம் ஒப்படைக்கப் போனேன். ஜசிந்தா படலையில். இன்று தனியாக.

"காசு கிடைக்குமோ சேர்?"

"கேட்கப் போகினம்."

"ஆரிட்டை?"

"காணிக்காரியிட்டை."

"பொம்பிளையோ? அவ ஆர்?"

மோட்டார் சைக்கிளை உதைத்தேன். எடுபடவில்லை. இரண்டாம் தரமும் இல்லை.

"மாதாவே, அவவின்ரை மனதை இரங்கச் செய்" என்று சிலுவை போட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "சொக்கை இழுத்திட்டு உதையுங்கோ சேர்" என்றாள். எடுபட்டது.

ஜூன் 20, வெள்ளி

கணக்கு ஒத்துவந்ததாம். கடிதம் கூரியரில் என் கைக்கே வந்தது, தபாலில் போட்டால் அத்தான் வாங்காமல் திருப்புவார் என்று நான்தான் சொல்லியிருந்தேன். கடைசி வேலை: கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி அனுப்புவது.

நல்லூர். மத்தியானம் பன்னிரண்டரை. முற்றத்தில் அத்தானின் வாகனம் இல்லை. விற்கப் போயிருக்கிறாரா, சட்டத்தரணியிடம் போயிருக்கிறாரா தெரியவில்லை. உள்ளே மரக்கறி கொதிக்கும் வாசம்.

அக்கா கதவைத் திறந்தாள். கடிதத்தை வாங்கினாள். வெளியில் தன் பெயரைப் பார்த்தாள். நான் நீட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தாள், அதே வட்ட எழுத்து.

"சரிதானே?" என்றாள்.

சரி என்றேன். செருப்பைக் கழற்றவில்லை, அவளும் கழற்றச் சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். சாப்பிட்டியோ என்று அவள் கேட்கவில்லை.